சோதனை காத்திருக்கலாம், ஊசி காத்திருக்கக் கூடாது

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 1999இல் 19 வயதுப் பெண் ஒருவர், உடம்பு முடியவில்லை என்று வேலையிலிருந்து முன்னதாகவே வீட்டுக்குக் கிளம்பினார். ஃப்ளூ காய்ச்சல் மாதிரிதான் இருந்தது. ஒரு முழு நாள் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசத்தோடு கிடந்தார். பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை என்றார்கள். ஏமி பர்டி பிழைத்தார். ஆனால், அடுத்த இரண்டரை மாதங்களில் மண்ணீரலை இழந்தார், சிறுநீரகங்கள் செயலிழந்தன, இடது காது கேட்காமல் போனது, இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அப்பாவின் சிறுநீரகத்தைப் பெற்று, செயற்கைக் கால்களோடு பனிச்சறுக்குப் பலகையில் ஏறி, 2014 சோச்சி பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்றார்.

பதக்கத்தைப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது. நான் பேச விரும்புவது அந்த முதல் நாளைப் பற்றி. நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவரைக் காலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோகும் நோய்கள் மிகக் குறைவு. பர்டியைத் தாக்கிய பாக்டீரியா மூளைக் காய்ச்சலும் (மூளையுறை அழற்சி), மெனிஞ்சோகாக்கஸ் என்னும் கிருமி ரத்தத்தில் பெருகி உண்டாக்கும் செப்சிஸும் அந்தக் குறைந்த எண்ணிக்கையில் முன்னால் நிற்பவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 25 லட்சம் பேருக்கு மூளையுறை அழற்சி வந்தது. அதில் 16 லட்சம் பாக்டீரியாவால் வந்தவை; இறந்தவர்கள் ஏறக்குறைய 2,40,000 பேர். பிழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் காது, நினைவு, கை கால் என்று ஏதோ ஒரு குறை நிலைத்துவிடுகிறது.

குழந்தைகள் நோய் என்றே நம்மில் பலர் இதை நினைக்கிறோம். பெரியவர்களுக்கு வரும்போது அந்த நினைப்பே தாமதத்தின் முதல் காரணமாகிறது. நாற்பது வயதுக்காரர் காய்ச்சலோடு படுத்து, தலை வெடிக்கிறது என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் ‘செட் மாத்திரை’ வாங்கிக் கொடுக்கிறோம். இரவில் கொஞ்சம் பிதற்றுகிறார். காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது, விடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்கிறோம். அந்த விடியலுக்குள் பலருக்குக் காலம் கடந்துவிடுகிறது.

ஒரு கிருமி, இரண்டு பாதைகள்

மெனிஞ்சோகாக்கஸ் ஒன்றும் அரிதான கிருமி இல்லை. பத்துப் பெரியவர்களில் ஏறக்குறைய ஒருவருடைய மூக்கு, தொண்டையின் உட்புறத்தில் அது எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. மிகச் சிலரிடம் மட்டும் சளிச்சவ்வைத் துளைத்து ரத்தத்துக்குள் இறங்குகிறது. அதைச் சுற்றியிருக்கும் சர்க்கரைப் பொருளாலான உறை, ரத்த வெள்ளணுக்களிடம் சிக்காமல் அதைக் காப்பாற்றுகிறது. இதன் பிறகு இரண்டு பாதைகள் உண்டு.

ஒன்று, மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் சவ்வுகளுக்கு இடையில் ஓடும் நீருக்குள் நுழைவது. அங்கே நோய் எதிர்ப்பு அணுக்கள் மிகக் குறைவு; கிருமி தடையின்றிப் பெருகும். பிறகு வரும் அழற்சியால் மூளை வீங்கும், மண்டைக்குள் அழுத்தம் ஏறும். இன்னொன்று, ரத்தத்திலேயே தங்கிப் பெருகுவது. கிருமியின் வெளிச்சுவரிலிருந்து உதிரும் நஞ்சு ரத்தக் குழாய்களின் உள்தோலைச் சிதைக்கிறது. குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. சின்னஞ்சிறு குழாய்களில் ரத்தம் உறைய, உறைவதற்கான பொருட்கள் தீர்ந்துபோய் மற்ற இடங்களில் கசிகிறது. தோலில் தெரியும் ஊதா நிறத் திட்டுகள் இந்தக் கசிவுதான். சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து அவை செயலிழப்பதும் உண்டு. 1911இல் ராபர்ட் வாட்டர்ஹவுஸும், 1918இல் கார்ல் ஃப்ரிடரிக்சனும் விவரித்த அந்த நிலை இன்றும் அவர்கள் பெயராலேயே அறியப்படுகிறது.

பலருக்கு இரண்டும் கலந்தே வரும். ஆனால், சிகிச்சை செய்பவர் தன்னிடம் வந்திருப்பவர் எந்தப் பாதையில் அதிகம் போய்க்கொண்டிருக்கிறார் என்று முதலிலேயே கணிக்க வேண்டும். மூளை வீக்கத்தால் சாகப்போகிறவருக்கும் ரத்த அழுத்தம் விழுந்து வரும் அதிர்ச்சி நிலையால் சாகப்போகிறவருக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு.

நம் நாட்டில் பெரியவர்களுக்குத் திடீரென வரும் பாக்டீரியா மூளையுறை அழற்சிக்கு முதல் காரணம் மெனிஞ்சோகாக்கஸ் இல்லை. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ். அது எங்கிருந்து மூளைக்குப் போகிறது என்பதை நம் வீடுகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வருஷக் கணக்காகக் காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கும், பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். அந்தச் சீழ், காதின் பின்னெலும்பை அரித்து மூளையுறையை எட்ட முடியும். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் 1900 நவம்பரில் பாரிஸில் இறந்தது காது நோயிலிருந்து மூளையுறைக்குப் பரவிய அழற்சியால்தான். அடுத்தது தலைக்காயம். பைக்கிலிருந்து விழுந்து மண்டையோட்டின் அடிப்பகுதியில் விரிசல் விட்டவருக்கு, மாதங்கள் கழித்தும் குனிந்தால் மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து தெளிந்த நீர் சொட்டலாம். சளி என்று துடைத்துவிட்டுப் போகிறார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் வெளியே வரும் வழி, கிருமி உள்ளே போகும் வழியும்கூட. மண்ணீரல் நீக்கப்பட்டவர்கள், கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், குடிநோயாளிகள் ஆகியோருக்கும் அபாயம் கூடுதல்.

கழுத்து வளையாவிட்டால் மட்டும்தானா?

காய்ச்சல், கழுத்து விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்தால் மூளையுறை அழற்சி என்று பாடப் புத்தகம் சொல்லும். நெதர்லாந்தில் டீடெரிக் வான் டி பேக்கும் உடன் பணியாற்றியவர்களும் 696 நோய் நிகழ்வுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, அந்த மூன்றும் சேர்ந்து இருந்தது 44 விழுக்காட்டினரிடம் மட்டுமே என்று காட்டியது. பாதிக்கும் குறைவு! ஆனால், அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவுக் குழப்பம் என்ற நான்கில் குறைந்தது இரண்டு 95 விழுக்காட்டினரிடம் இருந்தன. எனக்கு இந்த இரண்டாவது எண்தான் உயிர் காக்கும் எண்ணாகப் படுகிறது. காய்ச்சலோடு கடும் தலைவலி, காய்ச்சலோடு குழப்பம்: இரண்டு இருந்தால் போதும், சந்தேகப்பட வேண்டும்.

படுத்திருப்பவரின் முழங்காலை நீட்டிப் பார்ப்பது, கழுத்தை மடக்கும்போது கால் தானாக மடங்குகிறதா என்று பார்ப்பது ஆகியவை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவ மாணவர்கள் படித்துவரும் சோதனைகள். கெர்னிக், புருட்ஜின்ஸ்கி என்ற இருவர் பெயரில் வழங்குபவை. மூளையுறை அழற்சி உண்மையிலேயே இருந்தவர்களில் இருபதில் ஒருவரிடம்தான் இவை தென்பட்டன என்று அமெரிக்காவில் 297 பெரியவர்களிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வு சொன்னது. கழுத்து விறைப்பே பத்தில் மூவரிடம்தான் இருந்தது. இந்தச் சோதனைகள் சரியாக இருந்தன என்பதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

செப்சிஸ் பாதையில் போகிறவரின் ஆரம்ப அறிகுறிகள் இன்னும் ஏமாற்றுபவை. உடம்பு கொதிக்கும், கைகளும் பாதங்களும் சில்லிட்டிருக்கும். கால்கள் தாங்க முடியாமல் வலிக்கும். தோல் வெளிறியோ திட்டுத்திட்டாகவோ தெரியும். பிரிட்டனில் 16 வயது வரையிலானவர்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், இந்தக் குறிகள் சராசரியாக எட்டாவது மணி நேரத்தில் தென்பட்டன; ஆஸ்பத்திரியில் சேர்ந்ததோ 19ஆவது மணி நேரத்தில். இடையில் கழிந்த பதினொரு மணி நேரம் யாராலும் திருப்பித் தர முடியாதது.

தோல் தடிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிவப்புப் புள்ளிகளின் மேல் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்ப்பது, அழுத்தியும் நிறம் மறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பது பிரிட்டனில் வீடுகள்தோறும் தெரிந்த சோதனை. வெள்ளைத் தோலுக்கு அது எளிது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் ஆரம்பப் புள்ளிகள் கண்ணில் படாமலே போகும். உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய நிறம் குறைந்த இடங்களில் நல்ல வெளிச்சத்தில் தேட வேண்டும். உடைகளை அகற்றி, உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும். கூச்சத்துக்கு இங்கே இடமில்லை. புள்ளியே இல்லாமலும் இந்த நோய் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் இன்னொரு குழப்பம் சேரும். காய்ச்சல், சிவப்புப் புள்ளி, குறைந்த பிளேட்லெட் என்றதும் டெங்கு என்று முடிவாகிவிடுகிறது. காலக்கணக்கைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். டெங்குவில் ரத்தக் கசிவும் அதிர்ச்சியும் பொதுவாக மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் தணியும் தறுவாயில் வரும். மெனிஞ்சோகாக்கஸில் எல்லாமே முதல் நாளிலேயே நடந்துவிடும். இன்று காலை தொடங்கிய காய்ச்சலுக்கு இன்று மாலையே ஊதாப் புள்ளிகள் வந்தால் டெங்கு முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

எமர்ஜென்சியில் அந்த ஒரு மணி நேரம்

பிரிட்டன் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2016இல் பெரியவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலின் மையம் ஒரே கெடு: நோயாளி ஆஸ்பத்திரிக்குள் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஊசி நரம்பில் ஏறியிருக்க வேண்டும். மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு நிலை மூன்றையும் சரிபார்த்து, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, முடிந்தால் முதுகில் நீர் எடுத்து, உடனே ஊசி. ஏதாவது காரணத்தால் முதுகு நீர் எடுக்க முடியவில்லை என்றால் ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஊசியைப் போட்டுவிட வேண்டும்.

நடைமுறையில் கெடு தவறுவது பெரும்பாலும் ஸ்கேன் அறை வாசலில். முதலில் சி.டி., அதைப் பார்த்த பிறகு முதுகு நீர், அதன் முடிவைப் பார்த்த பிறகு மருந்து என்று வரிசை அமைந்துவிடுகிறது. ஒவ்வொரு படியும் தன்னளவில் நியாயமாகத்தான் தெரியும். மண்டைக்குள் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்போது கீழே முதுகில் நீர் எடுத்தால் மூளை கீழ்நோக்கி நழுவிவிடுமோ என்ற பயம் மருத்துவர்களுக்கு உண்டு. அந்தப் பயத்துக்கு அடிப்படையும் உண்டு. ஆனால், அது எல்லோருக்கும் பொருந்தாது. ஒரு பக்கக் கை கால் பலவீனம், ஓயாத வலிப்பு, கண்ணின் பின்புற நரம்பில் வீக்கம், ஆழ்ந்த மயக்கம் ஆகியவை இருப்பவர்களுக்கு முதலில் ஸ்கேன் வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் பல வழிகாட்டுதல்கள் ஸ்கேனை முதலில் வைக்கின்றன. மற்றவர்களுக்குத் தேவையில்லை.

இதைத் துணிந்து சோதித்த நாடு ஸ்வீடன். நினைவுக் குழப்பம் இருந்தாலே ஸ்கேன் செய்த பிறகுதான் முதுகு நீர் என்றிருந்த விதியை 2009இல் நீக்கினார்கள். விதி மாறுவதற்கு முன்னும் பின்னும் வந்த நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. புதிய விதிப்படி சிகிச்சை ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகத் தொடங்கியிருந்தது; இறப்பு 11.7 விழுக்காட்டிலிருந்து 6.9 ஆகக் குறைந்திருந்தது. தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இறக்கும் அபாயம் 12.6 விழுக்காடு கூடியது என்றும் கணக்கிட்டார்கள். புதிய மருந்து எதுவும் சேரவில்லை. வரிசையை மட்டும்தான் மாற்றினார்கள்.

ஸ்கேன் தேவைப்படுகிறவருக்கும் மருந்து தள்ளிப்போக வேண்டியதில்லை. ரத்தம் எடு, ஊசி போடு, பிறகு ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போ. ‘மருந்து போட்டுவிட்டால் கிருமி கிடைக்காதே’ என்பது பழைய தயக்கம். மெனிஞ்சோகாக்கஸ் இரண்டு மணி நேரத்திலேயே முதுகு நீரிலிருந்து மறையலாம் என்பது உண்மைதான். ஆனால், அந்த நீரில் உள்ள வெள்ளணுக்களும் புரதமும் நாள்கணக்கில் காட்டிக்கொடுக்கும். பி.சி.ஆர். சோதனை, செத்த கிருமியின் மரபுப் பொருளையும் அடையாளம் காணும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய இரண்டு நாள் ஆன்டிபயாடிக்கோடு நோயாளிகள் வந்து சேரும் நம் ஊர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் பரவலாகக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

“முதுகுல தண்ணி எடுக்கணும்மா”

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் குடும்பங்கள் உறைந்துபோகின்றன. “வேணாம் டாக்டர், அப்படி எடுத்தா கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்க.” கையெழுத்துக்காக ஊரிலிருந்து பெரியப்பாவோ மாமாவோ வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். இந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. முதுகு நீர் எடுத்த பிறகு கால் விழுந்தவரை அவர்கள் உண்மையாகவே பார்த்திருக்கலாம். அவர் காலை எடுத்துக்கொண்டது ஊசியில்லை, எந்த நோய்க்காக ஊசி போட்டார்களோ அந்த நோய் என்பதை அவர்களுக்கு உட்கார்ந்து சொல்ல யாரும் இல்லை.

ஊசி நுழையும் இடம் இடுப்பு மட்டம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. கீழே இருப்பது நீரில் மிதக்கும் நரம்பு இழைகள். ஊசி பட்டால் அவை விலகிக்கொள்ளும். தலைவலி சிலருக்குச் சில நாள் வரும். மெல்லிய ஊசிகளால் அதுவும் குறைந்திருக்கிறது. செய்யக் கூடாத நேரங்கள் உண்டு: ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் இருக்கும்போது, ஊதாத் திட்டுகள் வேகமாகப் பரவும்போது, ரத்தம் உறையாத நிலையில், ஊசி குத்தும் இடத்தில் புண் இருக்கும்போது. மற்றபடி இது 1891இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிஷ் குவின்கே அறிமுகப்படுத்தியதிலிருந்து லட்சக்கணக்கான உயிர்களுக்கு வழி காட்டியிருக்கும் சோதனை.

நல்ல நீர் தெளிந்திருக்கும். பாக்டீரியா பெருகியிருந்தால் அரிசி களைந்த நீர்போலக் கலங்கி வரும். சொட்டும்போதே அழுத்தத்தை அளப்பார்கள். லேபில் வெள்ளணுக்கள் ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் நியூட்ரோஃபில் வகை, புரதம் கூடியிருக்கும், சர்க்கரை, அதே நேரத்தில் எடுத்த ரத்தச் சர்க்கரையில் நாற்பது விழுக்காட்டுக்கும் கீழே. ஒப்பிட ரத்தம் எடுக்க மறந்துவிட்டால் சர்க்கரை எண்ணுக்குப் பொருளே இல்லை. சர்க்கரை நோயாளிகள் நிறைந்த தமிழ்நாட்டில் இது இன்னும் முக்கியம்.

இங்கே இன்னொரு கேள்வி எப்போதும் கூடவே நிற்கும்: காசநோயா? காசநோயால் வரும் மூளையுறை அழற்சி மெதுவாக, வாரக் கணக்கில் வளரும். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, எரிச்சல், பிறகு மயக்கம். நீரில் லிம்ஃபோசைட் வகை அணுக்கள் மேலோங்கும். பாதி மருந்து சாப்பிட்ட பாக்டீரியா நோயும் இதே தோற்றம் காட்டும். ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலும் மழைக்குப் பிந்தைய மாதங்களில் மூளையுறையைத் தாக்குகிறது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ நடுவில் கருகிய சிறு புண் இருக்கிறதா என்று தேடினால் சில நேரம் விடை அங்கேயே கிடைக்கும். டாக்ஸிசைக்ளின் என்னும் மலிவான மருந்தே அதன் சிகிச்சைக்கு அடிப்படை. நம் மருத்துவர்கள் முதல் நாளில் இரண்டு மூன்று நோய்களுக்குச் சேர்த்தே மருந்து தொடங்குவதைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் மூன்றாம் நாளில் சோதனை முடிவுகளைப் பார்த்துத் தேவையற்றதை நிறுத்துகிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த மருந்து, ஏன்?

1942 ஆகஸ்டில் லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியில் ஹாரி லாம்பர்ட் என்பவர் மூளையுறை அழற்சியால் இறந்துகொண்டிருந்தார். அலெக்சாண்டர் ஃப்ளெமிங்குக்கு வேண்டியவர். சல்ஃபா மருந்து பலிக்கவில்லை. பென்சிலினைக் கண்டுபிடித்தவர் ஃப்ளெமிங்தான் என்றாலும் அவரிடம் மருந்தாகக் கொடுக்கும் அளவுக்கு அது இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியிடம் இருந்தது. ஃப்ளோரி தன்னிடமிருந்ததைக் கொடுத்தார். தசையில் போட்ட மருந்து முதுகு நீருக்குள் போதுமான அளவு போகவில்லை என்று ஃப்ளெமிங் கண்டார். அதுவரை மனிதரிடம் யாரும் செய்திராததைச் செய்தார்: பென்சிலினை நேரடியாக முதுகு நீரிலேயே செலுத்தினார். லாம்பர்ட் குணமாகி வீட்டுக்குப் போனார்.

மருந்து மூளை நீருக்குள் போய்ச் சேருமா என்ற அந்தக் கேள்வியே இன்றும் மருந்துத் தேர்வைத் தீர்மானிக்கிறது. செஃப்ட்ரையாக்ஸோன் போய்ச் சேரும். அதனால் உலகெங்கும் முதல் தேர்வு அதுதான். பெரியவர்களுக்கு 2 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. நிமோனியாவுக்குக் கொடுக்கும் அளவு இங்கே போதாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் ஆம்பிசிலினோ அமாக்சிசிலினோ கூடுதலாக வேண்டும். காரணம் லிஸ்டீரியா என்னும் கிருமி. செஃப்ட்ரையாக்ஸோன் அதை ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கிருமியை நினைவில் வைக்க வேண்டும்.

இந்தியாவில் வான்கோமைசினும் சேர்க்கப்படுகிறது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று, ஆறு ஆஸ்பத்திரிகளில் 1990களில் நடத்திய கண்காணிப்பில், பென்சிலினுக்கு முழுமையாக மடியாத நிமோகாக்கஸ் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அதன்பின் வந்த ஆண்டுகளில் இந்த எதிர்ப்பு பெரிதாக வளர்ந்துவிட்டது. சளிக்கும் தொண்டை வலிக்கும் நாம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைகளின் கணக்கு அது. அதனால்தான் கிருமி எதற்கு மடியும் என்று லேப் சொல்லும்வரை இரண்டு மருந்துகளும் ஓடுகின்றன. மெனிஞ்சோகாக்கஸ் என்று உறுதியானால் ஐந்து நாள் சிகிச்சை பெரும்பாலும் போதும். நிமோகாக்கஸுக்குப் பத்து முதல் பதினான்கு நாள். லிஸ்டீரியாவுக்கு மூன்று வாரம்.

இந்த மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு ஸ்டீராய்டின் கதை. கிருமியைக் கொல்லும்போது அது உடைந்து சிதறும் துகள்களே அழற்சியை இன்னும் தூண்டிவிடும் என்பது தெரிந்ததுதான். அதை அடக்க டெக்ஸாமெதாசோனை முதல் ஆன்டிபயாடிக்குக்குச் சற்று முன்னரோ அதோடு சேர்த்தோ கொடுத்துப் பார்த்தார்கள் மருத்துவர் யான் டி கான்ஸும், மேலே சொன்ன வான் டி பேக்கும். 301 பெரியவர்கள், முடிவு 2002இல் வந்தது. இறப்பு 15 விழுக்காட்டிலிருந்து 7 ஆனது. நிமோகாக்கஸ் நோயாளிகளை மட்டும் எடுத்தால் 34இலிருந்து 14. சில ரூபாய் விலையுள்ள மருந்து! பிறகு ஆப்பிரிக்காவின் மலாவியில், பெரும்பாலும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. வியட்நாமில் பாக்டீரியா என்று உறுதியானவர்களுக்கு மட்டும் கிடைத்தது. நோயாளி எந்த நிலையில், எவ்வளவு தாமதமாக வருகிறார் என்பதைப் பொறுத்து மருந்தின் பலனும் மாறுகிறது. 2025 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும், கொள்ளைநோயல்லாத சூழலில் முதல் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டைக் கொடுக்கச் சொல்கிறது. 10 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு நாள். மறுநாள் நினைவு வந்து கொடுத்தால் பயன் போய்விடும்.

செப்சிஸ் பாதையில் போகிறவருக்குக் கதை வேறு. அங்கே முதல் ஊசியோடு ட்ரிப்ஸ் வேகமாக ஓட வேண்டும். அதற்கும் ரத்த அழுத்தம் ஏறாவிட்டால் நோரட்ரீனலின். ஐ.சி.யு.வுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதுகு நீரை அப்போது தொடக் கூடாது. இளம் வயதினர் கடைசிவரை நினைவோடு பேசிக்கொண்டிருப்பார்கள். பேசுகிறாரே என்று ஏமாந்துவிடக் கூடாது. விரல் நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது, சிறுநீர் போகிறதா, ரத்தத்தில் லாக்டேட் எவ்வளவு என்பவைதான் உண்மையைச் சொல்லும்.

கூட இருந்தவர்கள்

மெனிஞ்சோகாக்கஸ் என்றால், உடன் இருந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து வேண்டும், நிமோகாக்கஸுக்குத் தேவையில்லை. முந்தைய ஏழு நாளில் ஒரே வீட்டில், ஒரே விடுதி அறையில் தங்கியவர்கள், முத்தமிட்டவர்கள், முகக்கவசம் இல்லாமல் சுவாசக் குழாய் போட்ட மருத்துவப் பணியாளர்கள்: இவ்வளவுதான் பட்டியல். ஒரே அலுவலகம், ஒரே பேருந்து என்பதற்காகப் பதற வேண்டாம். பிரிட்டனில் சிப்ரோஃப்ளாக்சசின் ஒரே மாத்திரை கொடுக்கிறார்கள். டெல்லியில் 2005-06இல் அந்த மருந்துக்கு மடியாத மெனிஞ்சோகாக்கஸ் கண்டறியப்பட்டதால், நம் நாட்டில் ரிஃபாம்பிசினோ ஒரு செஃப்ட்ரையாக்ஸோன் ஊசியோ கூடுதல் நம்பிக்கை தருகிறது.

டெல்லிக்கு இந்த நோய் புதிதல்ல. 1966இல் ஒருமுறை வந்தது. 1985இல் வந்த கொள்ளைநோயில் 6,000 பேருக்கும் மேல் நோயுற்றனர். ஏறக்குறைய 800 பேர் இறந்தனர். 2005இல் மீண்டும் வந்தது. 2008-09இல் மேகாலயாவும் திரிபுராவும் தவித்தன. எல்லாமே ‘ஏ’ வகைக் கிருமி. அதே ‘ஏ’ வகை ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சல் பட்டையில் நூறாண்டு காலம் ஆடிய ஆட்டத்தை முடித்துவைத்த தடுப்பூசி, புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட்டில் தயாரானது. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் தொடங்கினார்கள். ஐந்து வகைகளுக்கு எதிரான அதன் அடுத்த தடுப்பூசியை 2024இல் முதன்முதலாகப் போட்ட நாடு நைஜீரியா.

தமிழ்நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு நான்கு வகைகளுக்கான தடுப்பூசி கட்டாயம். சவுதியில் இறங்குவதற்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டிருக்க வேண்டும். 1987இலும் 2000இலும் யாத்திரிகர்களிடையே நோய் பரவிய பிறகு இறுகிய விதி அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் விடுதியில் தங்கும் மாணவர்களிடம் இதையே கேட்கின்றன. விசா, டிக்கெட், சூட்கேஸ் என்று ஓடும் வீடுகளில் இந்த ஊசி கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகச் சில நாள் வேண்டும் என்பதால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021இலிருந்து நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. மண்ணீரல் இல்லாதவர்கள், நீண்டகாலச் சிறுநீரக, நுரையீரல் நோயுள்ளவர்கள், முதியவர்கள் தங்கள் மருத்துவரிடம் தங்களுக்காகவும் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகும் ஒன்று இருக்கிறது: காது. நோயாளி பேசுகிறார், நடக்கிறார், பில் கட்டியாயிற்று. அழைத்தால் சில நேரம் திரும்புவதில்லை. அசதி என்று குடும்பம் நினைத்துக்கொள்கிறது. நிமோகாக்கஸ் அழற்சி உள்காதின் சுருள் அறைக்குள் பரவியிருந்தால், அந்த அறை சில வாரங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கிவிடும். இறுகிய பிறகு காக்ளியர் கருவியின் மின்முனையை உள்ளே செலுத்துவது மிகக் கடினம். அதனால், டிஸ்சார்ஜுக்கு முன்னரே, முடியாவிட்டால் நான்கு வாரத்துக்குள், செவித்திறன் சோதனைக்குத் தேதி வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதப்படவில்லை என்றால், கையெழுத்துப் போடும் டாக்டரிடம் அங்கேயே கேளுங்கள்.